நூல் கட்டி ரத்தம் பார்த்தவர்

"இன்னொருக்கா பார்த்துருவோமா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் ஆஸ்பத்திரி முழுக்க அக்காவைக் கேலி செய்யும். வாசல் காவல்காரர் ராவுத்தர் தம் சைக்கிளைப் பூட்டிவிட்டு, எங்கள் சன்னல் பக்கம் திரும்பி, "அக்கா, பூட்டிட்டேன். இன்னொருக்கா பார்த்துருவோமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார். அக்கா கையிலிருக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பாருங்க ராவுத்தரே. முந்தாநேத்தும் பூட்டிட்டேன்னுதான் சொன்னீக" என்பார். ராவுத்தர் திரும்பிப் போய்ப் பார்ப்பார். சில நாள் பூட்டு திறந்தே கிடக்கும்.

திண்டுக்கல்லில் அது ஒரு தரும ஆஸ்பத்திரி. அதன் ரத்தப் பரிசோதனை அறையில் அக்கா வெகு வருஷமாக வேலை பார்த்தார். நான் நாலு வருஷம் அவரோடு இருந்தேன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் காகிதம் அவர் கைக்குப் போனால் முதலில் தம் பெயரைத்தான் அடிப்பார். அடித்துவிட்டு மீதியை இரண்டு தரம் படித்து, எங்கெல்லாம் நான் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று பென்சிலால் கோடு போடுவார். அந்தப் பயத்திலேயே கூட்டாமல் எழுதுகிறேன்.

சந்தேகக்காரி என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது பாதிதான் சரி. அடுத்தவரை அவர் எளிதில் நம்பிவிடுவார். தம்மைத்தான் நம்பமாட்டார்.

சின்னாளப்பட்டி நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ரத்த அணுக்களை எண்ணும்போது மட்டும் அந்தப் பாஷை வாய்க்கு வந்துவிடும். "ஒந்து, எரடு, மூரு" என்று உதடு அசையும். அப்போது பக்கத்தில் யாராவது தமிழில் பேசினாலும் அவருக்குக் காதில் விழாது. அப்பா சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவராம். அதனால் அக்காவுக்கு நிறம் பார்க்கிற கண் பிறவியிலேயே உண்டு என்று டாக்டரம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அக்காவுக்கு அது பிடிக்காது.

"எங்கப்பா ஒரு சேலையை மூணு வெளிச்சத்துல பார்ப்பாரு தம்பி. காலைல ஒருக்கா, உச்சில ஒருக்கா, வெளக்கு வச்சு ஒருக்கா. ஏன்? அவரு கண்ணை அவரே நம்பல. என் கண்ணும் அப்படித்தான். காலைல ஒண்ணு சொல்லும், சாயங்காலம் ஒண்ணு சொல்லும். பசிச்சா வேற ஒண்ணு சொல்லும்."

அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் வேலை நடந்தது. புதன்கிழமை மாசமாக இருக்கும் பெண்கள் வருவார்கள். அவர்கள் ரத்தத்தில் சத்து எத்தனை கிராம் என்று பார்க்கவேண்டும். விரல் நுனியில் குத்தி, மெல்லிய கண்ணாடிக் குழலால் கோடு வரைக்கும் ரத்தத்தை வாயால் உறிஞ்சி, திராவகம் இருக்கும் குழாயில் ஊதிவிடுவார். அது கருப்பட்டிக் காப்பி மாதிரி நிறம் மாறும். பத்து நிமிஷம் காத்திருந்து, துளித் துளியாகத் தண்ணீர் விட்டு, கிழக்குச் சன்னலுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கமும் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு சேருகிறதா என்று பார்ப்பார். சேர்ந்துவிட்டது என்று நமக்குத் தோன்றும். அவர், "இன்னொருக்கா" என்று சன்னலில் வேறு பக்கம் பிடிப்பார். ஒரு பெண்ணுக்குக் கால்மணி நேரம். வெயில் அந்தச் சன்னலை விட்டுப் போவதற்குள் எட்டுப் பேருக்குப் பார்க்கலாம். வருகிறவர்கள் இருபது பேர். மீதிப் பேருக்கு, "அடுத்த புதன் வாங்கம்மா."

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. வீட்டுத் தறியில் அறுந்து விழும் வர்ண நூல் துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருப்பார். விரலில் குத்துவதற்கு முன், பெண்ணின் இடது மணிக்கட்டில் ஒரு நூல் கட்டுவார். அதே நிறத்தில் ஒரு துண்டு குழாயின் கழுத்தில். சிவப்புப் பெண்ணுக்குச் சிவப்புக் குழாய், மஞ்சள் பெண்ணுக்கு மஞ்சள் குழாய்.

"பேரை எழுதி ஒட்டுனா ஆகாதாக்கா?" என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஒரு புதன்கிழமையில நாலு மாரியம்மா வரும் தம்பி. எந்த மாரியம்மான்னு எழுத, புருசன் பேரு என்னம்மான்னு கேளு பார்ப்போம். ஒருத்தி மலையக் காட்டுவா. ஒருத்தி பழனிப் பக்கம் திரும்பிக் கும்புடுவா. ஒருத்தி வாயையே தெறக்கமாட்டா. நூலு அப்படி இல்ல. ஒரு நூலு ஒருத்திக்குத்தான்."

அந்த நூலை அந்தப் பெண்கள் என்னவென்று நினைத்தார்கள் என்பது வேறு கதை. ஆஸ்பத்திரியில் மந்திரித்துக் கட்டியது என்று பலருக்கு எண்ணம். பிள்ளை பிறக்கும்வரை அவிழ்க்க மாட்டார்கள். ஒரு கிழவி, "எந்தக் கோயில் கயிறும்மா இது?" என்று கேட்டபோது அக்கா, "ஆஸ்பத்திரிக் கோயிலு. சீட்டு வாங்குற வரைக்கும் அவுக்கப்படாது" என்று சொன்னதை நானே கேட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எங்கள் வீட்டில் முதல் முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். அப்பா ஆத்தூர்ப் பக்கம் கத்தரிக்காய் போடுகிறவர், கைநாட்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மதுரையில் பரிசோதனைப் படிப்பும் முடித்து வந்தவன் கண்ணுக்கு, அக்கா நூல் கட்டுவது, உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கி வேலையாகத்தான் தெரிந்தது. வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். "ஆமா, உடுக்கைதான் இல்ல" என்று சிரித்தார். நூல் கட்டுவதை நிறுத்தவில்லை.

என்னை வேலைக்கு எடுத்ததே மெஷினுக்காகத்தான். யாரோ ஒரு தோல் வியாபாரி ஆஸ்பத்திரிக்கு ஒரு கலரிமீட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு வானொலிப் பெட்டி அளவு இருக்கும். ரத்தத்தை மருந்து நீரில் கலந்து, அதற்கென்று உள்ள குழாயில் ஊற்றி, பெட்டியின் துளைக்குள் இறக்கி மூடினால், உள்ளே விளக்கெரிந்து, குழாய் வழியாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அதுவே அளந்து குறிமுள்ளால் காட்டிவிடும். சன்னல் வேண்டாம், மேகம் மூடினாலும் கவலையில்லை, கண் வேண்டாம். அதோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்க ஆள் வேண்டியிருந்தது. பெட்டிக்குச் சில மாதம் முன்பே நான் வந்துவிட்டேன்.

அக்கா மெஷினைக் கண்டு முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெட்டி வந்த அன்று ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து அதன் தலையில் வைக்கப் போனார்.

"அக்கா, ஈரம் பட்டா உள்ள லென்சு கெட்டுரும். புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்படியா? அப்ப வேணாம்." பூவைத் தம் தலையில் சொருகிக்கொண்டார். "எம்புட்டு நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன் தெரியுமா இதை? மூணு தரம் டாக்டரம்மாகிட்ட எழுதிக் கொடுத்தேன்."

ஏன் அவ்வளவு ஆசை என்று பிறகு ஒரு நாள் தெரிந்தது. பிஸ்கட் டப்பாவில் நூல் தேடும்போது, ஒரு சின்னக் காகிதத்தில் தனியே மடித்து வைத்த நீல நூல் ஒன்று என் கையில் அகப்பட்டது. முடிச்சு அவிழ்க்காமல் வளையமாகவே இருந்தது.

"அதை அதுல வச்சிரு" என்றார். மடித்து வைத்ததும் அவரே சொன்னார்.

வெயில் தீர்ந்துபோன ஒரு புதன்கிழமை. மிச்சம் இருந்த பெண்களில் ஒருத்திக்கு நீல நூலைக் கட்டி, "அடுத்த வாரம் இதோட வா, ஒனக்குத்தான் மொதல்ல" என்று அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் அந்தப் பெண் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் புருசன் வந்திருக்கிறார், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். "ஏனுங்க, இது உங்க கயிறுங்க. அடுத்த தபா வரும்போது கொண்டாரச் சொன்னீங்களாமா. அவ வரமுடியாதுங்க. பிரசவத்துல போயிட்டாளுங்க. கயிறு உங்களுதாச்சேன்னு கொடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்று மேஜை மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போயிருக்கிறார்.

"திட்டலியே அந்த மனுசன்" என்றார் அக்கா. "திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்."

மெஷின் வந்தபின் அடுத்த வாரம் என்ற பேச்சே இல்லை. இருபது பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் மத்தியானத்துக்குள் சீட்டு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. நாற்பது மைல் பஸ்ஸில் வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று வாசலில் நின்று பார்த்தால் தெரியும்.

ஆனால் அறைக்குள் சில காரியங்கள் மாறின. முன்பு ஒருத்திக்கு விரலில் குத்துவது, நிறம் பார்ப்பது, சீட்டு எழுதுவது எல்லாம் அக்கா ஒருவரே. இப்போது முன் அறையில் அவர் ரத்தம் எடுத்துக் குழாயில் விடுவார். உள் அறையில் நான் மெஷினில் பார்ப்பேன். எனக்குப் பெண்களின் முகம் தெரியாது. அவர்கள் எனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. மெஷின் குழாயின் கழுத்தில் நூல் கட்டினால் துளையில் இறங்காது, மூடி மூடாது. ஆகவே நான் மெழுகுப் பென்சிலால் குழாயில் எண் எழுதி, பன்னிரண்டு துளை மரத் தாங்கியில் வரிசையாக வைத்தேன். அக்கா கையில் கட்டுகிற நூலை மட்டும் விடவில்லை. "இனிமே அது எதுக்குக்கா?" என்றேன். "இருக்கட்டும். பழகிருச்சு."

டாக்டரம்மாவும் மாறினார். முன்பு ஒவ்வொரு பெண்ணின் கண் இமையையும் இழுத்துப் பார்ப்பார். இப்போது கூட்டம் அதிகம். சீட்டில் எண் இருக்கிறது. அது மெஷின் சொன்ன எண்.

அக்கா மட்டும் தமக்கென்று ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கும்போது உள்ளங்கையையும் இமையையும் பார்த்து, எத்தனை கிராம் இருக்கும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் நூலின் நிறம் போட்டுக் குறித்துவைப்பார். சாயங்காலம் என் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார். தாம் தவறிய இடத்தில், "ஏமாந்துட்டேன் பாரு" என்று சந்தோஷமாகச் சொல்வார். மெஷினின் தப்பைப் பிடிக்கவா இந்தச் சோதனை என்று ஒருமுறை கேட்டேன். "மெஷினை எதுக்குப் பிடிக்கணும்? என்னையத்தான் பிடிக்கிறேன்" என்றார்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான அந்தப் புதன்கிழமை.

ஐப்பசி மழை. பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள். ஒரே தாங்கியில் எல்லாக் குழாயும் அடங்கிவிட்டது. குழாயின் மேல் விரல் ரேகை இருந்தால் குறிமுள் பொய் சொல்லும், நன்றாகத் துடைத்து வைக்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நான் புத்தகத்தை ஒரு வரி மீறாதவன். வழக்கமாக ஒவ்வொன்றாக உள்ளே இறக்கும்போது துடைப்பேன். அன்று நேரம் மிச்சமாகட்டும் என்று பன்னிரண்டையும் முன்கூட்டியே ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து வரிசையில் நிறுத்தினேன். அதில் மெழுகுப் பென்சில் எண்களும் போயின. பார்த்தேன், பரவாயில்லை, வரிசை இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அப்போது கரண்டு நின்றது. மழைச் சாரல் மேஜையில் அடித்தது. தாங்கியைத் தூக்கி மூலையில் இருந்த அலமாரிக்குள் வைத்தேன். அரைமணி கழித்துக் கரண்டு வந்ததும் எடுத்து வந்து மெஷின் பக்கத்தில் வைத்தேன். வைக்கும்போது அது தலைமாறி இருந்தது. மரத் தாங்கிக்கு முன் ஏது, பின் ஏது? இரண்டு முனையும் ஒன்று போலத்தான். பன்னிரண்டாவது குழாயை முதல் குழாய் என்று பார்த்து எழுதினேன். மெஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் கொடுத்த குழாய்க்குச் சரியான எண்ணைச் சொன்னது.

பன்னிரண்டு மணிக்குச் சீட்டுகள் போய்விட்டன. டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே போனார்.

ஒன்றரை மணி இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அக்கா, கூட்டம் இல்லாததால் அப்போதே தம் துண்டுக் காகிதத்தைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இன்னைக்கு எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணுகூடச் சேரல" என்றார்.

"கண்ணுக்கு டாக்டரைப் பாருங்க அக்கா" என்று நான் கேலி பேசினேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பச்சை நூலுப் புள்ள. மூணாவதா வந்துச்சு. உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு தம்பி. நாலு, நாலரைன்னு போட்டேன். நீ பதினொண்ணுன்னு எழுதியிருக்க. ஒண்ணு ரெண்டு தப்பலாம். ஏழா தப்புவேன்?"

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். தம் காகிதத்தில் மேலிருந்து ஒரு விரலைக் கீழே கொண்டுவந்தார்; பதிவேட்டில் கீழிருந்து இன்னொரு விரலை மேலே கொண்டுபோனார். ஒவ்வொரு வரியாக. "ஒந்து… எரடு… மூரு…" பச்சை நூலுக்கு எதிரே பத்தாவது வரி வந்து நின்றது. அதில் என் எழுத்தில் நாலரை என்றிருந்தது. பன்னிரண்டும் சேர்ந்தன.

"தலைகீழா வச்சிட்டியேப்பு" என்றார். சத்தம் போடவில்லை.

நான் பதிவேட்டை இழுத்துப் பார்த்தேன். அவர் அதற்குள் எழுந்துவிட்டார். "பத்தாவது யாரு? ஜைனம்பு. அதுக்கு ரத்தம் ஏத்தணும்னு படுக்க வச்சிருக்காக. நான் போயி நிறுத்துறேன். மூணாவது மாரியம்மா, சித்தையன்கோட்டை. எட்டு மாசம். நல்லா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பியாச்சு. ரெண்டு மணிக்கு பஸ்ஸு. ஓடு."

"அக்கா, எனக்கு முகம் தெரியாதே!"

"பச்சை நூலு. ஓடுடா!"

ராவுத்தர் சைக்கிளைக் கேட்டேன். "சாவி எங்க வச்சேன்…" என்று மடியைத் தடவினார். அன்று பூட்டவே இல்லை. அல்லா காப்பாற்றினார்.

பஸ் ஸ்டாண்டில் சித்தையன்கோட்டை பஸ் உறுமிக்கொண்டிருந்தது. மழைக்குப் படுதா இறக்கியிருந்ததால் உள்ளே அரை இருட்டு. ஏறி நின்று, "ஆஸ்பத்திரிக்கு வந்த மாரியம்மா யாரு?" என்று கத்தினேன்.

இரண்டு பெண்கள் தலையைத் தூக்கினார்கள். இரண்டு பேரும் மாசமாக இருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏலே, வண்டிக்குள்ள ஏறிப் பொம்பளப் புள்ளைககிட்ட என்னடா விசாரணை?" என்று பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். கண்டக்டர் என் சட்டையைப் பிடித்தார். "இறங்குய்யா, ரைட் கொடுக்கணும்."

"ஒரு நிமிஷம் அண்ணே. கையக் காட்டச் சொல்லுங்க. இடது கை."

"கையக் காட்டணுமாம்ல! இவன் ஜோசியக்காரனா?" பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்தோ என்னவோ, சன்னலோரத்தில் இருந்தவள் கையை நீட்டினாள். மஞ்சள். மற்றவள் மாமியாரைப் பார்த்தாள். அந்த அம்மாள் தலையசைத்ததும், வளையலை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். வளையலுக்குக் கீழே பச்சை நூல், மழையில் நனைந்து தோலோடு ஒட்டிக்கிடந்தது.

அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். அத்தனை புதன்கிழமைகளில் நான் பார்த்த முதல் உள்ளங்கை அதுதான். தோலுரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. கிட்டே போனால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரணும் ஆத்தா. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்படியே வீட்டுல பிரசவம் ஆனா உசுருக்கு ஆபத்து."

மாமியார் முந்தானை முடிச்சிலிருந்து சீட்டை எடுத்தார். மழையில் நனையாமல் வெற்றிலைக்குள் மடித்து வைத்திருந்தார். "பதினொண்ணுன்னு எழுதியிருக்காம்ல? நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாகளே?"

"எழுதினது நான்தான். தப்பா எழுதிட்டேன்."

"தப்பாவா?" அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ படிச்ச புள்ளதானே?"

அந்த வார்த்தை இன்றும் வலிக்கிறது. எழுத்துத் தெரியாத வீட்டில் ஒரு சீட்டுக்கு எவ்வளவு மரியாதை என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கரண்டு ஆபீஸ் நோட்டீசைக்கூடச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைப்பவர். அந்த வெற்றிலைக்குள் மடித்து வைத்திருந்தது என் கையெழுத்து.

கண்டக்டர்தான் முதலில் அசைந்தார். "ஆத்தா, தப்புன்னு சொல்லிக்கிட்டு ஓடியாந்திருக்கான். அதுவே பெருசு. இறங்குங்க. அடுத்த வண்டி என்னுதுதான், நான் ஏத்திக்கிட்டுப் போறேன்." ஒரு குதிரை வண்டியைக் கூப்பிட்டதும் அவரேதான்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது, ஜைனம்பு கட்டிலில் உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லைன்னு காலைலேருந்து சொல்றேன், யாரு கேட்டா?" என்று வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். தங்கைக்கு ரத்தம் வேண்டுமென்று சொல்லி அனுப்பியதால், பேகம்பூர் தோல் கிடங்கிலிருந்து அண்ணன்காரர் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லியிருந்தார். அவர் கோபப்பட்டிருக்கலாம், உரிமை உண்டு. மாரியம்மாளைத் தாங்கிக் கூட்டிவருவதைப் பார்த்துவிட்டு, "வந்தது வந்தாச்சு. என் தங்கச்சிக்கு வேணாம்னா அல்ஹம்துலில்லா. இந்தப் புள்ளைக்குச் சேருமான்னு பாருங்கம்மா" என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

இதற்கு மெஷின் கிடையாது. கண்ணாடி வில்லையில் இரண்டு ரத்தத்தையும் கலந்து, பால் மாதிரித் திரிகிறதா என்று கண்ணால்தான் பார்க்கவேண்டும். அக்கா பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இன்னொருக்கா பார்த்துருவோம். இந்தத் தரம் நீ பாரு" என்றார். பார்த்தேன். திரியவில்லை. "நீங்களும் இன்னொருக்கா பாருங்கக்கா" என்றேன். அந்த வார்த்தையை நான் கேலியில்லாமல் சொன்னது அன்றுதான். சேர்ந்தது.

அறுவை முடிந்து வந்த டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். அக்கா கதவோரம் நின்றார். என்னை முந்திக்கொண்டு பேசவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. என்னைத் திட்டினார். பிறகு தம்மையே திட்டிக்கொண்டார்: "நான் அந்தப் பொண்ணு கண்ணை ஒரு தரம் பார்த்திருந்தா…" கடைசியில், "இந்தப் பெட்டியே வேணாம். தூக்கிச் சாமான் அறையில வைங்க. பழையபடி சன்னல்ல பார்ப்போம்" என்றார்.

அக்கா உள்ளே வந்தார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. பெட்டி தப்புப் பண்ணலை. நாலரைன்னு அதுதான் சொன்னுச்சு. நான் குத்துமதிப்பாப் போட்டேன். அது அளந்து சொன்னுச்சு. ஆளைத்தான் நாங்க மாத்திட்டோம்." தப்பு என்னுடையது மட்டும். அவர் 'நாங்க' என்றார். "சன்னலுக்குப் போனா நான் எட்டுப் பேருதான் பார்ப்பேன். ஒம்பதாவது புள்ளைய அடுத்த வாரம் வான்னு அனுப்பணும். என்னால ஆகாதும்மா. இன்னொரு நூலை என்னால வாங்கி வைக்க முடியாது."

டாக்டரம்மாவுக்கு எந்த நூல் என்று தெரிந்திருக்கவேண்டும். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று முதல் ஒரு விதி. மெஷினில் பார்க்கிறவனே சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய், அவரவர் நூலைப் பார்த்து, உள்ளங்கையைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். அக்கா அதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. "செத்த நேரம் காலாற நடந்துட்டு வாயேன்" என்றார். இப்போது நான் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறேன். இங்கே மெஷின்கள் அதிகம், இன்னும் பெரிது. ஒரு நாளைக்கு அக்கா ஒரு மாதத்தில் பார்த்த அளவு பார்க்கிறோம். எத்தனை பேர் அதனால் அன்றைக்கே வைத்தியம் பெற்று வீடு போகிறார்கள் என்று பார்க்கும்போது மனசு நிறைகிறது. ஆனாலும் தினம் ஒரு தரம் வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருவேன். உடன் வேலை செய்கிறவர்கள் நான் காப்பி குடிக்கப் போவதாக நினைக்கிறார்கள்.

மாரியம்மாளுக்கு இரண்டு புட்டி ரத்தம் ஏற்றினார்கள். ஒன்று ஜைனம்புவின் அண்ணன் கொடுத்தது, ஒன்று மாரியம்மாளின் புருசன் கொடுத்தது. நாலாம் நாள் உள்ளங்கையில் லேசாக நிறம் வந்திருந்தது. பிரசவம்வரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. அன்று மாமியார் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் வாழை இலையில் கட்டின மல்லிகை.

"எம் மருமக கையில கட்டின கயிறுதான் காப்பாத்துச்சு. அந்தச் சாமி எங்க இருக்குன்னு சொல்லு தாயி, சாத்திட்டுப் போறேன்."

"சாமி இல்ல ஆத்தா. அந்தா இருக்கு பாருங்க, அந்தப் பெட்டிதான் சரியாச் சொன்னுச்சு" என்றார் அக்கா.

அந்த அம்மாள் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பூவை என் கையில் கொடுத்தார். என்னிடம், தப்பாக எழுதினவனிடம். "நீயே வச்சிரு சாமி. ஓடியாந்தவன் நீதானே."

நான் பூவைப் பெட்டியின் தலையில் வைக்கப் போனேன்.

"ஏலே!" என்றார் அக்கா. "ஈரம் பட்டா லென்சு கெட்டுரும்னு சொன்னது நீதானே? புஸ்தகத்துல போட்டிருக்குன்ன?"

கை அந்தரத்தில் நின்றது. மாமியார் என்னையும் அக்காவையும் பார்த்தார். அக்கா பூவை வாங்கினார். மேஜையில் காலியாக இருந்த குழாய்த் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் ஒரு முனையில், முதல் துளைக்குப் பக்கத்தில், அந்தச் சரத்தை இறுக்கிக் கட்டினார்.

"இதுதான் ஒண்ணு" என்றார். "இனிமே எப்படித் திருப்பி வச்சாலும் தெரியும்."

பூ மறுநாளே வாடி உதிர்ந்துவிட்டது. வாழை நார் மட்டும் அந்த முனையிலேயே கிடந்தது. அடுத்த புதன்கிழமை முதல் குழாயை வைக்கும்போது என் விரல் அதைத் தடவிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்து, இன்னொரு தரமும் தடவிப் பார்த்தது.